இங்கிலாந்தில் ஒரு பாழடைந்த மனநல மருத்துவமனை: பிணவறைக்குள் போய் வந்த கதை (படங்களுடன்)

பழையபூட்டு:

இரண்டு வருடமாக வேலிக்கு வெளியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்த ஓர் இடத்துக்குள் போன சனிக்கிழமை விடியற்காலையில் போய் வந்தேன். கிழக்கு இங்கிலாந்து, ஊரைத் தாண்டி, மரங்களுக்கு நடுவில் ஒரு பழைய மனநல மருத்துவமனை. பெயர் சொல்ல மாட்டேன், தனிமடலிலும் கேட்காதீர்கள். பெயர் வெளியே வந்தால் முதலில் செம்புக் குழாய் திருடுகிறவன் வருவான், அவனுக்குப் பின்னால் தீ வைக்கிறவன் வருவான். இந்தக் கிறுக்கு பிடித்தவர்களுக்குள் இது எழுதாத சட்டம்.

வார்டுகள், நடன மண்டபம், கால் கிலோமீட்டர் நீளத் தாழ்வாரம் இதெல்லாம் இன்னொரு நாள். இன்று பிணவறை மட்டும்.

அதைக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் ஆனது. பெரிய கட்டடத்தில் தேடித் தேடி அலுத்துப்போய், கடைசியில் கொதிகலன் கூடத்துக்கும் சலவைக்கூடத்துக்கும் பின்பக்கம், கருவேப்பிலை அளவு இலை விட்ட ஏதோ முட்செடிக்குள் ஒரு சின்னச் செங்கல் கட்டடம். நம் ஊர் வயலில் பம்ப்செட் ரூம் என்று நினைத்துக் கடந்து போயிருப்பேன். ஜன்னல்கள் எல்லாம் தலைக்கு மேல் உயரத்தில், உள்ளே தெரியாத சொரசொரப்புக் கண்ணாடி. நின்று திரும்பிப் பார்த்தேன். எந்த வார்டு ஜன்னலும் அங்கிருந்து தெரியவில்லை. அப்படியென்றால் அங்கிருந்தும் இது தெரியாது. கட்டியவன் யோசித்துத்தான் கட்டியிருக்கிறான்.

கதவு ஏற்கெனவே திறந்துதான் கிடந்தது (நாங்கள் எதையும் உடைப்பதில்லை). உள்ளே இரண்டு அறை. முதல் அறையில் சுவர் முழுக்க வெள்ளைப் பளபளப்புச் செங்கல், தரை நடுவை நோக்கிச் சாய்வு. மேலே கூரையில் கண்ணாடிக் கூண்டு. அதற்கு நேர் கீழே அந்த மேடை.

வெள்ளைப் பீங்கான். வாஷ்பேசினை ஆறடிக்கு இழுத்து நீட்டினால் எப்படி இருக்கும், அப்படி. விளிம்பு கொஞ்சம் உயர்ந்து, நடுவில் மீன்முள் மாதிரி வாய்க்கால்கள், எல்லாம் ஒரு துளையை நோக்கிச் சரிகின்றன. கூரைக் கண்ணாடி பாதி உடைந்திருந்தது. மழை நேராக மேடையில் விழுந்து, வாய்க்கால் வழியாக ஓடி, துளைக்குள் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. ஆள் இல்லாமல் இத்தனை வருடம் கழித்தும் அடைப்பு இல்லை!

சுவரில் ஒரு கரும்பலகை. மூளை, இதயம், வலது நுரையீரல், இடது நுரையீரல், ஈரல், மண்ணீரல், சிறுநீரகங்கள் என்று வெள்ளைப் பெயிண்டில் வரிசையாக எழுதி, எதிரே கட்டம். கட்டங்கள் காலி. ஒன்றில் மட்டும் சுண்ணாம்புக்கட்டியில் யாரோ கிறுக்கிய முகம், அது எங்களைப் போல் வந்து போனவர்கள் வேலை.

இன்னொரு பக்கம் மூன்று தட்டுக் குளிர்பெட்டி. கதவுகள் திறந்து, உள்ளே தட்டு உருளும் சக்கரங்கள் துருவேறி, புறா கூடு கட்டியிருந்தது. கதவில் பெயர் எழுதி வைக்கும் அட்டை இன்னும் இருக்கிறது (படம் 9).

இரண்டாவது அறைதான் எனக்கு ஆச்சரியம். பூப்போட்ட சுவர்த்தாள், ஒரு சின்ன மர மேசை, திரைச்சீலை தொங்கும் கம்பி. பெயிண்ட் அப்பளம் மாதிரி உரிந்து கிடக்கும் இடத்தில் திடீரென்று ஒரு வீட்டு வரவேற்பறை.

கடைசியாக ஒன்று. கதவோரம் சுவரில் வரிசையாக ஐந்து இரும்புக் கொக்கிகள், கெட்டியானவை (படம் 11). அதுவரை தைரியமாகத்தான் இருந்தேன். அவை எதற்கு என்று யோசித்ததும் உடம்பு ஒரு தரம் சிலிர்த்துவிட்டது.

திரும்பும்போது தாழ்வாரத்தில் தரைப்பலகை உடைந்து ஒரு கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. ஜீன்ஸ் கிழிந்தது, தோல் வழித்தது, எலும்பு தப்பியது.

வம்பன்:

எலுமிச்சம்பழம் கொண்டு போனீர்களா இல்லையா?

பழையபூட்டு:

டார்ச், தண்ணீர் பாட்டில், இரண்டு வாழைப்பழம். பேய்க்கு வாழைப்பழம் பிடிக்காது போல, ஒன்றும் வரவில்லை.

செங்கல்சூளை:

அருமையான படங்கள். பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1845இல் வந்த சட்டம்தான் இங்கிலாந்தின் ஒவ்வொரு மாவட்டமும் ஒரு மனநோயர் காப்பகம் கட்டியே ஆக வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அதன் பிறகு அறுபது எழுபது வருடம் கட்டிக்கொண்டே இருந்தார்கள். வேல்ஸில் டென்பி 1848, லண்டனுக்குத் தெற்கே கேன் ஹில் 1883, யார்க்‌ஷரில் ஹை ராய்ட்ஸ் 1888, எசெக்ஸில் செவரல்ஸ் 1913. இவை வெறும் ஆஸ்பத்திரிகள் என்று நினைத்தால் பாதிதான் புரியும். சொந்தப் பண்ணை, பேக்கரி, தையல்கூடம், கிணறு, தண்ணீர்க் கோபுரம், தேவாலயம், இடுகாடு எல்லாம் சுற்றுச்சுவருக்குள். லங்காஷரில் விட்டிங்ஹாம் மருத்துவமனைக்குச் சொந்த ரயில் பாதையே இருந்தது. உள்ளே வந்தவர் வெளியே போகத் தேவையில்லாதபடி ஓர் ஊர். அப்படி ஓர் ஊர் இருந்தால் பிணவறையும் இருந்துதானே ஆக வேண்டும்.

கண்ணாடிக் கூண்டு, உயரத்தில் ஜன்னல், இதெல்லாம் பயமுறுத்தக் கட்டியவை இல்லை. மின்விளக்கு நம்ப முடியாத காலம். அறுத்துப் பார்க்கிறவருக்கு நிழல் விழாத வெளிச்சம் மேலிருந்து வேண்டும். வெளியில் இருப்பவர் எட்டிப் பார்க்கக் கூடாது, ஆனால் காற்று வர வேண்டும். பளபளப்புச் செங்கல் எதற்கென்றால், தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவலாம், கறை உள்ளே இறங்காது. அதே செங்கலை அதே காலத்துப் பால் பண்ணையிலும் பொதுக் கழிப்பறையிலும் பார்க்கலாம். குளிர்பெட்டி பிற்பாடு வந்தது. அதற்கு முன் கற்பலகை அலமாரி, காற்றோட்டம், இங்கிலாந்துக் குளிர், அவ்வளவுதான்.

பூப்போட்ட அறை உறவினர் வந்து பார்ப்பதற்கு.

ஒரு வருத்தம். இந்த மருத்துவமனைகளை இடித்து வீடு கட்டும்போது எதைக் காப்பாற்றுவார்கள் தெரியுமா? முகப்புக் கட்டடம், தண்ணீர்க் கோபுரம், தேவாலயம். கிளேபரி மருத்துவமனையின் தேவாலயம் இப்போது நீச்சல் குளம் வைத்த உடற்பயிற்சிக்கூடம். பிணவறை என்றால் முதல் வாரத்திலேயே புல்டோசர். விற்பனை விளம்பரத்தில் அதை எப்படி எழுதுவது? கேன் ஹில்லில் பெரும்பகுதியை இடித்துவிட்டு, மிச்சம் வைத்த முகப்புக் கட்டடமும் 2010 நவம்பரில் எரிந்துபோனது. டென்பியின் மண்டபம் 2008இல் எரிந்தது. பழையபூட்டு பெயர் சொல்ல மறுப்பது சரிதான்.

வம்பன்:

பால் பண்ணையும் கழிப்பறையும் பிணவறையும் ஒரே செங்கல். இனி எனக்கு காபி இறங்காது.

மெல்லினம்:

படங்கள் நன்றாக இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் தலைப்பைப் பார்த்ததும் எரிச்சல் வந்தது. சாதாரண ஆஸ்பத்திரிப் பிணவறை என்றால் யாராவது படம் எடுத்துப் போடுவார்களா? "மனநல" என்ற சொல் சேர்ந்ததால்தானே திகில்? அந்த மேடையில் கிடத்தப்பட்டவர்கள் உயிரோடு இருந்தபோதும் வேடிக்கைப் பொருள்தான், இப்போதும் அப்படித்தான்.

அப்புறம், படம் 9ஐப் பெரிதாக்கினால் அட்டையில் மூன்று பெயர்கள் தெளிவாகத் தெரிகின்றன. கவனித்தீர்களா?

பழையபூட்டு:

கவனித்தேன். குடும்பப் பெயர் மட்டும்தான் இருக்கிறது. மூடி முப்பது வருடத்துக்குப் பக்கம் ஆகிவிட்டது. ஆவணமாக இருக்கட்டும் என்றுதான் மறைக்கவில்லை. திகிலுக்காக நான் போகவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா தெரியாது.

மெல்லினம்:

கொக்கியைப் பார்த்து உடம்பு சிலிர்த்தது என்று எழுதியவர் நீங்கள்தான் :)

கண்ணாடிச்சில்லு:

மெல்லினம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதே சமயம் இந்த அறைகளுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. நான் நோய்க்குறியியல் படித்தவன், மைக்ராஸ்கோப்பும் நானுமாகக் காலம் போகிறது.

சாதாரண ஆஸ்பத்திரியைவிட இங்கே பிரேதப் பரிசோதனைக்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம்? பைத்தியம் என்று பூட்டி வைத்தவர்களுக்கு உள்ளே என்ன கோளாறு என்று உயிரோடு இருக்கும்போது பார்க்க வழியே கிடையாது. ஸ்கேன் இல்லை, ஒன்றும் இல்லை. இறந்த பிறகு மண்டையைத் திறந்தால்தான் உண்டு. 19ஆம் நூற்றாண்டுக் காப்பகங்களில் ஆண்களில் கணிசமானவர்கள் ஒரே மாதிரி செத்தார்கள். முதலில் தற்பெருமைப் பிதற்றல், "நான்தான் சக்கரவர்த்தி" என்பது போல. பிறகு நாக்குக் குழறும், கைகால் விழும், சில வருடத்தில் மரணம். குடியால் வந்தது, ஒழுக்கக்கேட்டால் வந்தது என்றெல்லாம் பேசினார்கள். 1913இல் நொகுச்சி, மூர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அப்படி இறந்தவர்களின் மூளைகளை வைத்துத் தேடினார்கள். 70 மூளைகளில் 12இல் சிபிலிஸ் கிருமியைக் கண்ணால் பார்த்தார்கள். மூரே ஒரு நியூயார்க் மாநில மனநல மருத்துவமனையைச் சேர்ந்தவர்தான். அன்று வரை பைத்தியம், அன்று முதல் தொற்றுநோய். பென்சிலின் வந்த பிறகு அந்த வார்டுகள் காலியாயின.

இன்னொன்று எல்லோருக்கும் தெரிந்த பெயர். ஆகஸ்டே டேட்டர் என்ற பெண் 1901இல் ஃபிராங்ஃபர்ட் மனநோயர் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். அப்போது வயது 51. கணவர் பெயர் என்ன என்று கேட்டால் தன் பெயரைச் சொல்வார். 1906 ஏப்ரலில் இறந்தார். மூளை மியூனிக்குக்குப் போனது. அதே வருட நவம்பரில் அலோயிஸ் அல்சைமர் அதைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசியபோது அங்கே ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இன்று ஞாபகமறதி நோய் என்றாலே அவர் பெயர்.

எசெக்ஸில் 1937இல் திறந்த ரன்வெல் மருத்துவமனையில் கோர்செலிஸ் என்ற மருத்துவர் ஆயிரக்கணக்கான மூளைகளைச் சேர்த்து வைத்தார். 1973இல் குத்துச்சண்டை வீரர்கள் 15 பேரின் மூளையை ஆராய்ந்து, தலையில் வாங்கிய குத்து பல வருடம் கழித்து என்ன செய்கிறது என்று அவர் குழு காட்டியது. இன்றைக்கு ரக்பி, கால்பந்து என்று நடக்கும் வாதமெல்லாம் அதன் வழி வந்ததுதான்.

அப்படி ஓர் அறையைச் சிதையாமல் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் போகலாம். அங்கிருந்த மாநில மனநல மருத்துவமனை 1994இல் மூடப்பட்டது. ஆனால் 1896இல் திறந்த அதன் நோய்க்குறியியல் கட்டடம் 1969 முதலே அருங்காட்சியகம். பரிசோதனை அறை, மாணவர்கள் அமர்ந்து பார்க்கும் படிக்கட்டு மண்டபம், ஜாடிகள், எல்லாம் இருந்தபடியே. டிக்கெட் வாங்கிக்கொண்டு போகலாம், கால் பலகைக்குள் போகாது.

மெல்லினம்:

நீங்கள் சொல்வதெல்லாம் சரி. ஆனால் ஒரு கேள்வி. அந்த 70 பேரில் யாரிடம், எந்தக் குடும்பத்திடம், கேட்டு எடுத்தார்கள்?

கண்ணாடிச்சில்லு:

பெரும்பாலும் யாரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். அதில் மழுப்ப ஒன்றுமில்லை. பிரிட்டனில் 1832 உடற்கூறுச் சட்டம், யாரும் உரிமை கோராத உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க வழி செய்தது. ஏழை விடுதியில் செத்தவர், காப்பகத்தில் செத்தவர், இவர்கள்தான் பெரும்பாலும் உரிமை கோரப்படாதவர்கள். பிள்ளைகளின் உறுப்புகளைக் கேட்காமல் எடுத்து வைத்தது லிவர்பூல் ஆல்டர் ஹே மருத்துவமனையில் வெளியே வந்து பெரிய கொந்தளிப்பான பிறகுதான் 2004இல் மனிதத் திசுச் சட்டமே வந்தது. ஜாடியில் இருப்பது ஒரு மனிதர் என்று தோன்ற எங்கள் துறைக்கு அவ்வளவு காலம் பிடித்தது.

நாவற்குழியான்:

வணக்கம். இந்தத் தளத்தில் வாசிப்பதோடு சரி, எழுதுவது குறைவு. இதை வாசித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் 1974 இல் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கிலாந்துக்கு மனநலத் தாதிப் பயிற்சிக்கு வந்தவன். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் இந்த வேலைக்கு வர மாட்டார்கள். ஆளில்லாமல் எங்களை எடுத்தார்கள். என்னுடைய வகுப்பில் இலங்கை, மொரீஷியஸ், மலேசியா, கரீபியன் தீவுகள் என்று எல்லா இடத்துப் பிள்ளைகளும் இருந்தோம். எந்த வைத்தியசாலை என்று நானும் சொல்லவில்லை, தம்பி சொல்லாதது போலவே. ஆனால் படங்களில் உள்ள அறை நான் வேலை செய்த இடத்துச் சவச்சாலையை உரித்து வைத்தது போல இருக்கிறது. (பிணவறை என்று நீங்கள் எழுதுகிறீர்கள். எங்கள் பக்கம் சவச்சாலை.)

வார்டில் ஒருவர் இறந்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. ஒரு மணித்தியாலம் அப்படியே விட வேண்டும். மூத்த தாதி முதலில் போய் ஜன்னலைத் திறப்பார். ஏன் என்று கேட்டேன். உயிர் வெளியே போக வழி வேண்டாமோ என்றார். ஜனவரி மாதம், பனி உள்ளே அடிக்கிறது, ஆனால் ஜன்னலைச் சாத்த விடவில்லை. பிறகு இரண்டு பேர் சேர்ந்து கழுவுவோம். கண்ணை மூடி, தாடையைக் கட்டி, தலை சீவி, நகம் வெட்டி, வெள்ளைத் துணி உடுத்தி, கணுக்காலில் ஒரு பெயர்த்துண்டு, மேல் துணியில் இன்னொரு பெயர்த்துண்டு. கழுவும்போது அவரோடு கதைத்துக்கொண்டே கழுவ வேண்டும். "இப்போது கையைத் தூக்குகிறேன்" என்று சொல்லித்தான் தூக்க வேண்டும். எனக்கு அது முதலில் விசராகப் பட்டது. பிறகு பழகிவிட்டது.

முதல் நாள் அது முடிந்து விடுதிக்கு வந்து, துடக்கு என்று தலைக்குத் தோய்ந்தேன். சுடுதண்ணீர் முடிந்துவிட்டது. பச்சைத் தண்ணீரில் தோய்ந்து மூன்று நாள் காய்ச்சல். அதற்குப் பிறகு துடக்கு பார்ப்பதை விட்டுவிட்டேன். அம்மாவுக்குக் கடிதத்தில் எழுதவில்லை.

இரவில் இறந்தால் தள்ளுவண்டி வரும். மேலே வெறும் கட்டில் போல விரிப்புப் போட்டிருக்கும், ஆள் கீழ்த்தட்டில். மற்ற நோயாளிகளுக்குத் தெரியக் கூடாது என்று எல்லாக் கட்டிலுக்கும் திரை இழுப்போம். எல்லோருக்கும் தெரியும். இருபது முப்பது வருடம் அங்கேயே இருந்தவர்களுக்குத் திரை இழுக்கும் சத்தம் போதும். ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு இருட்டில் எழும்பி நிற்பார்.

வண்டி தள்ளுகிற கிழவர் ஒருவர் இருந்தார். தாழ்வாரத்திலிருந்து வெளியே இறங்கும் இடத்தில் ஒரு படி. அந்த இடம் வந்ததும் "படி வருகிறது, பார்த்து" என்பார். எனக்குச் சொல்கிறார் என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு இல்லை.

மெல்லினம் தங்கச்சி கேட்டதற்கு வருகிறேன். பூப்போட்ட அறை உறவினருக்கு என்று எழுதியிருக்கிறார்கள், சரி. நான் இருந்த வருடங்களில் அந்த அறைக்கு ஆள் வந்தது குறைவு. கடிதம் போட்டால் திரும்பி வரும், அல்லது வராது. அப்படியானவர்களுக்கு வைத்தியசாலையே செலவு செய்து அடக்கம் செய்யும். வார்டிலிருந்து ஒரு தாதியும், விருப்பப்பட்டால் இரண்டு மூன்று நோயாளிகளும் போவோம். ஒரு முறை பாதிரியார், நான், இன்னொரு நோயாளி, மூன்றே பேர். சைவக்காரனாகிய நான் அந்தப் பாட்டைப் புத்தகம் பார்த்துப் பாடினேன். வேறு யார் பாடுவது?

ஆகவே தம்பி, அந்த அட்டை. அதில் பெயர் எழுதுவது எங்கள் வேலை. கோணலாக எழுதினால் மூத்த தாதி திருப்பி எழுத வைப்பார். ஒருவருடைய பெயரைக் கடைசியாக ஒருவர் வடிவாக எழுதிய இடம் அது. அது வேடிக்கை பார்க்கிறவர்களுக்காக எழுதியது இல்லை. உங்களுக்கு விளங்கும் என்று நினைக்கிறேன்.

வம்பன்:

ஐயா, எலுமிச்சம்பழப் பதிவை வாபஸ் வாங்குகிறேன்.

பழையபூட்டு:

படம் 9ஐ எடுத்துவிட்டேன். அட்டையை மறைத்து வேறு ஒரு படம் போட்டிருக்கிறேன். நெறியாளர், பழைய படம் யாருடைய மேற்கோளிலாவது ஒட்டியிருந்தால் நீக்கிவிடுங்கள்.

ஐயா, "ஆவணமாக இருக்கட்டும்" என்று நான் எழுதியது அப்போது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. உங்கள் பதிவைப் படித்துவிட்டு இரண்டு முறை எழுந்து போய் வந்தேன்.

நெறியாளர்:

இரண்டு மேற்கோள்களில் இருந்தது, நீக்கியாயிற்று.

மெல்லினம்:

நாவற்குழியான் ஐயாவுக்கு நன்றி.

என் கோபத்துக்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் ஒரு சின்னப் பாட்டி இருந்தார். பதினெட்டு வயதில் தமிழ்நாட்டில் ஒரு மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். எங்களிடம் எப்போதும் "அவள் வடக்கே இருக்கிறாள்" என்பார்கள். வடக்கே என்றால் எங்கே என்று யாரும் கேட்டதில்லை. அவர் இறந்த செய்தி வந்தபோது யார் போனார்கள், போனார்களா என்பதே இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. வீட்டில் கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, பேசிக்கொண்டே கழுவுகிற ஒருவர் அங்கேயும் இருந்திருக்கலாம் என்று இன்றுதான் முதல்முறையாக நினைத்தேன்.

செங்கல்சூளை:

இடுகாடுகள் பற்றி ஒன்று. லண்டனுக்குப் பக்கத்தில் எப்சம் ஊரைச் சுற்றி ஐந்து பெரிய மனநல மருத்துவமனைகள் இருந்தன. ஐந்துக்கும் சேர்த்து ஹார்ட்டன் இடுகாடு. 1899 முதல் 1955 வரை சுமார் 9,000 பேரைப் புதைத்தார்கள். 1983இல் அந்த நிலத்தை ஒரு தனியாருக்கு விற்றுவிட்டார்கள், பிணங்களோடு சேர்த்து. இன்று போய்ப் பார்த்தால் புதர்க்காடு. அந்தப் பகுதி மக்கள் சிலர் பதிவேடுகளை வைத்து ஒவ்வொருவராக வாழ்க்கைக் கதை தேடி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இந்த வேலைக்கு நான் கோவில் கட்டுவேன்.

அமெரிக்காவில் ஓரிகன் மாநில மருத்துவமனையில் எரித்த சாம்பலைச் செம்புக் குவளைகளில் போட்டு ஒரு கொட்டகையில் அடுக்கி வைத்திருந்தார்கள், ஏறக்குறைய 3,500. 2004இல் சுற்றிப் பார்க்க வந்த சட்டமன்றக்காரர்கள் கதவைத் திறந்தபோது வெளியே தெரிய வந்தது. 2014இல் நினைவிடம் கட்டி, பெயர்களைப் பொறித்தார்கள். தேடி வந்த குடும்பங்களுக்குக் குவளையைக் கொடுக்கிறார்கள்.

பழையபூட்டு:

நியூயார்க் மாநிலத்தில் வில்லர்ட் மருத்துவமனை 1995இல் மூடியபோது மாடியறையில் நோயாளிகளின் பெட்டிகள் கிடைத்ததே, ஏறக்குறைய 400, அதுவும் இதே வகைதான். உள்ளே வரும்போது கொண்டுவந்த பெட்டி, திரும்பப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று வாங்கி வைத்தது. வருகிற வழியெல்லாம் எனக்கு அந்த ஞாபகம்தான்.

நடைவழி:

நடுவில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நானும் இங்கிலாந்தில்தான் இருக்கிறேன், இப்படி ஒரு முறை போக ஆசை. சட்டப்படி எப்படி? என்ன எடுத்துப் போக வேண்டும்?

பழையபூட்டு:

போகச் சொல்லி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அனுமதியில்லாமல் நுழைவது மட்டும் பெரும்பாலும் உரிமையியல் விவகாரம். ஆனால் பூட்டை உடைத்தால், ஒரு ஸ்பூனைப் பையில் போட்டால், அது குற்றம்.

சட்டத்தைவிட உடம்புதான் முக்கியம். இந்தக் கட்டடங்களில் கொதிகுழாய்களுக்கெல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் சுற்றியிருக்கும். பிரிட்டனில் அதை முழுசாகத் தடை செய்தது 1999இல்தான், பாதி மருத்துவமனைகள் அதற்கு முன்பே மூடிவிட்டன, அப்படியே கிடக்கிறது. அந்தத் தூசி நுரையீரலில் இறங்கினால் நோய் இருபது, முப்பது, சமயத்தில் ஐம்பது வருடம் கழித்து வரும். துணி மாஸ்க், சர்ஜிக்கல் மாஸ்க் எல்லாம் சும்மா. எஃப்.எஃப்.பி.3 வகை மாஸ்க், அதுவும் முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். தாடி இருந்தால் உட்காராது, எடுத்துவிடுங்கள்.

தரையை நம்பாதீர்கள். என் கால் சாட்சி. பலகைத் தரையில் சுவரோரமாக நடங்கள் என்பார்கள், சுவரோரம் மழை ஒழுகி உளுத்த இடத்தில் அதுவும் எடுபடாது. தனியாகப் போகவே போகாதீர்கள்.

கண்ணாடிச்சில்லு:

கூடுதலாக இரண்டு. புறா எச்சம் காய்ந்து தூளானால் அதிலிருந்து நிமோனியா மாதிரிக் காய்ச்சல் தொற்றும். பழைய பரிசோதனைக்கூடத்தில் ஜாடி ஏதாவது இருந்தால் திறக்காதீர்கள். அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்து உப்பு என்று நினைப்பார்கள், அது ஃபார்மலின் உறைந்தது. மூடியைத் திறந்தால் கண்ணும் தொண்டையும் எரியும். திறக்காதே என்று சொல்ல இன்னொரு காரணம் மேலே விவாதித்தாயிற்று.

நடைவழி:

இண்டியானாபொலிஸுக்கு டிக்கெட் பார்க்கிறேன்.

செங்கல்சூளை:

ஒரு சந்தேகம், ஐயாவிடம். இனாக் பவல் 1961இல் சுகாதார அமைச்சராக இருந்தபோது, இந்த மருத்துவமனைகளின் தண்ணீர்க் கோபுரத்தையும் புகைபோக்கியையும் வர்ணித்து, இவற்றையெல்லாம் மூடப் போகிறோம் என்று பேசினார். அதற்குச் சில வருடம் முன்பு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஒன்றரை லட்சம் பேர் வரை உள்ளே இருந்தார்கள். ஆனால் கதவுகள் மூட முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. டென்பி 1995, செவரல்ஸ் 1997, ஹை ராய்ட்ஸ் 2003. நீங்கள் வந்த 1974இல், இது மூடப் போகிற இடம் என்று அங்கே யாராவது பேசினார்களா?

நாவற்குழியான்:

பேசினார்கள். வந்த முதல் கிழமையே சொன்னார்கள், ஐந்து வருடத்தில் மூடிவிடுவார்கள், வேறு வேலை தேடி வை என்று. நான் பதினெட்டு வருடம் வேலை செய்த பிறகுதான் எங்கள் பகுதியை மூடினார்கள். மூடும்போது நோயாளிகளை ஊருக்குள் சின்ன வீடுகளுக்கு அனுப்பினோம். சிலர் நன்றாக இருந்தார்கள். தனக்கென்று ஒரு சாவி கிடைத்ததைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காட்டினவர் இருக்கிறார். சிலருக்கு அந்த வீடு பிடிக்கவில்லை, பஸ் ஏறித் திரும்பி வந்து மூடிய வாசலில் நின்றார்கள். காப்பகம் நல்லதா கூடாதா என்று பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள். அங்கே அடித்த ஆட்களையும் கண்டிருக்கிறேன், படி வருகிறது என்று சொன்ன கிழவரையும் கண்டிருக்கிறேன். ஒரே தாழ்வாரம்.

பழையபூட்டு:

ஐயா, கடைசியாக ஒன்று கேட்டுவிடுகிறேன். மூன்று நாளாகத் தூக்கத்தில் வருகிறது. படம் 11, அந்த ஐந்து கொக்கிகள். உங்கள் இடத்திலும் இருந்தனவா? எதற்கு?

நாவற்குழியான்:

இருந்தன தம்பி. மேலங்கி மாட்ட. வைத்தியருக்கு ஒன்று, எங்களுக்கு இரண்டு, வண்டிக்காரருக்கு ஒன்று, ஒன்று குடைக்கு.

ஆனால் அந்த அறைக்கு அவர்கள் ஒருநாளும் சூடு போட்டதில்லை. அதனால் ஒருவரும் மேலங்கியைக் கழற்றியதும் இல்லை. குடை மட்டும் தொங்கும்.